பொன் மாய்ப் பூவும் ரேடாரில் தெரியாத மழையும்

கூடுதல் வாக்குமூலம்

நாள்: 11.07.2016, திங்கட்கிழமை, முற்பகல் 9.20 மணி
இடம்: ஹோ சி மின் நகரம், விமானச் சம்பவ விசாரணைப் பிரிவு, இரண்டாம் மாடி
விசாரணை அதிகாரி: திரு. ஹோவாங்
தமிழில் எழுதியவர்: திருமதி நாச்சம்மை, மொழிபெயர்ப்பாளர், த்ருவோங் டின் தெரு

என் பெயர் அக்தர் பானு. வயது நாற்பத்து மூன்று. கணவர் பெயர் மஸ்தான். சொந்த ஊர் காரைக்கால். பூ மி ஹங் பகுதியில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் தளத்தில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறோம். நான் நீலக்கொக்கு என்னும் சிறிய விமான நிறுவனத்தில், முன்னால் இருக்கும் மழையைத் திரையில் காட்டும் ரேடாரையும் மற்ற மின்னணுக் கருவிகளையும் சோதித்துப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். நிறுவனத்திடம் இருப்பது மூன்றே விமானங்கள். ரேடார் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்பதால் பாராட்டும் எனக்குத்தான், திட்டும் எனக்குத்தான்.

நான் ஏற்கெனவே 24.05.2016 அன்று இதே அறையில் வியட்நாம் மொழியில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஓர் இடம் பொய். அதைத் திருத்துவதற்காக யாரும் அழைக்காமல் நானாகவே இன்று வந்தேன். இந்த முறை தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன். வியட்நாம் மொழியில் எனக்கு வேலைக்கு வேண்டிய அளவுதான் சொற்கள் தெரியும், அந்த அளவை வைத்துக்கொண்டு போன முறை சௌகரியமாக நழுவிவிட்டேன். அந்தப் பொய் எது என்பதை முதலிலேயே சொல்லும்படி அதிகாரி கேட்டார். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னால்தான் விளங்கும் என்று நான் சொன்னதன் பேரில் அதற்கு அனுமதித்தார்.

இந்த வழக்கில் இப்போது குற்றம் சுமந்து நிற்பவர் காப்டன் அகுஸ்தேன். வயது ஐம்பத்தெட்டு. அவரும் காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். நான் அவரைப் பிரெஞ்சு முறையில் முசியே என்றுதான் கூப்பிடுவேன். ரேடாரை மழையில் சோதிக்காமல் பறக்கக் கூடாது என்று நிலுவைத் தாளில் எழுதியிருந்தும், அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு விமானத்தை மழைக்குள் ஓட்டினார், அதனால் பணிப்பெண் லான் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார் என்பதே அவர் மீதுள்ள குற்றச்சாட்டு. உரிமம் போகும், சிறைக்கும் போக நேரலாம் என்று கேள்விப்பட்டேன். நிலுவைத் தாள் என்பது விமானி அறையில் ஒரு கோப்பில் இருக்கும் தாள். அன்றன்று செய்த வேலையையும் பாக்கி இருக்கும் வேலையையும் நாங்கள் அதில் எழுதுவோம். விமானத்தை எடுப்பதற்கு முன் காப்டன் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

சென்ற ஜனவரி மாதம் 27ஆம் தேதி, டெட் புத்தாண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் நிறுவனத்தின் பங்குதாரரும் நிர்வாகியுமான திரு. கரியமாணிக்கம் விமானத்தின் மூக்கில் மாய்ப் பூக் கொத்து வரைய வேண்டும் என்றார். டெட் சமயத்தில் இந்த ஊரில் மஞ்சள் மாய்ப் பூ இல்லாத வாசல் கிடையாது. விமானத்துக்கும் ஒரு வாசல் வேண்டாமா என்றார். அவர் செட்டிநாட்டுக்காரர், தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கும் குடும்பம், எதையும் எடுப்பாகச் செய்தால்தான் அவருக்குத் திருப்தி. கடைப் பெயர்ப்பலகை எழுதும் திரு. தாம் என்பவரை வரவழைத்தார்கள். விமானத்தின் மூக்கு வெறும் கூடு. ரேடோம் என்போம். உள்ளே ரேடாரின் ஆன்டெனா இடமும் வலமும் திரும்பிக்கொண்டே இருக்கும், அதன் அலை அந்தக் கூட்டின் வழியாகத்தான் வெளியே போய்த் திரும்பி வர வேண்டும். ஆகையால் அதற்கென்று உள்ள வண்ணத்தைத்தான் அதுவும் மெல்லிசாகத்தான் பூச வேண்டும் என்று திரு. தாமிடம் நானே சொன்னேன், மஞ்சள் வண்ணத்தின் டப்பாவையும் நானே பார்த்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு 28ஆம் தேதி பூக் கொத்து வரைந்து முடிந்தது. மூக்கின் நுனியில் தொடங்கி இடது பக்கமாகப் படர்ந்து, ஒரு பெரிய முறம் அளவுக்கு இருந்தது. திரு. கரியமாணிக்கம் வந்து பார்த்து முகம் சுளித்தார். "என்னம்மா இது, மஞ்சத் தண்ணி தெளிச்ச மாதிரியில்ல இருக்கு? பூவுன்னா தூரத்துல வரயிலேயே மின்ன வேணாமா?" என்றார். நான் மின்ன வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு விமானத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் பூ மின்னியது. வெயிலில் கண் கூசியது. திரு. தாமைப் போனில் கேட்டேன். நிர்வாகி சொல்லி மேலே பொன் பொடி பூசினேன், அது உலோகம் இல்லை, வெறும் பளபளப்புப் பொடிதான், பயப்படாதே என்றார்.

உலோகமாக இருந்தால் ரேடார் அலையை மறித்துவிடும் என்பதால் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அன்று 29ஆம் தேதி ரேடாரை ஓட்டி, அதற்குள்ளேயே இருக்கும் சுயசோதனையைச் செய்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு என்று பட்டைகள் ஒழுங்காக வந்தன. அது ரேடார் பெட்டி தன்னைத்தானே நலமா என்று கேட்டு, நலம் என்று தானே சொல்லிக்கொள்வது. மூக்குக்கூடு அந்தச் சோதனையில் வராது. கூட்டைச் சோதிக்கும் கருவி எங்களிடம் இல்லை, அதனால் எங்கள் வழக்கம் என்னவென்றால், வானத்தில் மழை இருக்கும் ஒரு பிற்பகலில் விமானத்தின் மூக்கை மழையை நோக்கித் திருப்பி வைத்து, கண்ணுக்குத் தெரிகிற மழை திரையில் தெரிகிறதா என்று பார்ப்போம். இந்த ஊரில் ஆறு மாதம் அதற்குக் குறைவே இல்லை. ஆனால் அது ஜனவரி. வானத்தில் ஒரு துளி கிடையாது. திரை காலியாக இருந்தது. நல்ல ரேடாரும் அன்று காலியாகத்தான் இருக்கும், கெட்ட ரேடாரும் காலியாகத்தான் இருக்கும். நான் சோதனை சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மழை வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும் என்று தாளில் ஏன் அன்றே எழுதவில்லை என்று அதிகாரி கேட்டார். எழுதினால் டெட் கூட்ட நேரத்தில் விமானத்தை நிறுத்தி வைக்கும்படி ஆகும், நிர்வாகி என்னைச் சும்மா விடமாட்டார். மழைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் நினைவில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு மறந்துவிட்டேன். இதுதான் உண்மை, இதற்கு மேல் அழகாகச் சொல்ல என்னால் முடியாது. அந்த விமானம் மே மாதம் வரை காலைப் பறப்புகள் மட்டுமே பறந்தது. இங்கே மழை பிற்பகலில்தான் வரும் என்பதால், மழை தொடங்கிய பிறகும் அது மழையைச் சந்திக்கவே இல்லை.

மே மாதம் 18ஆம் தேதி மாலை, அந்த விமானத்தில் விமானி காதில் மாட்டும் ஒலிப்பான் ஒன்றை மாற்றினேன். செய்ததை நிலுவைத் தாளில் ஒரு வரியில் எழுதினேன். வேலைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு வரி காலியாக விடுவது எங்கள் வழக்கம், பின்னால் ஏதாவது சேர்க்க வேண்டியிருந்தால் இடம் வேண்டுமே என்று. அப்படியே விட்டேன். மறுநாள் 19ஆம் தேதி காலையில் அந்த விமானத்துக்குப் பறப்பு இல்லை. கோன் டாவ் தீவுக்குப் போக ஆட்கள் சேர்ந்துவிட்டதால் பிற்பகல் இரண்டு மணிக்குக் கூடுதலாக ஒரு பறப்பு போட்டார்கள். காப்டன் அகுஸ்தேன் தாளைப் படித்து, காலி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, முப்பத்து நான்கு பயணிகளோடு கிளம்பினார்.

விமானத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அன்று பிற்பகல் விமானம் பாதி வழியில் திரும்பி வந்து இறங்கிய பிறகு காப்டன் என்னிடம் சொன்னது இது. வுங் டாவ் தாண்டிக் கடலுக்கு மேலே போனதும் திரையில் வலது பக்கம் சிவப்பு தெரிந்தது, இடது பக்கம் ஒன்றுமில்லை. எல்லா விமானியும் செய்வது போல ஒன்றுமில்லாத பக்கம் திருப்பினார். திருப்பித் திருப்பி இடது பக்கம் கொஞ்ச தூரம் போனதும், அதுவரை ஒன்றுமில்லாத இடத்தில் திடீரென்று சிவப்பும் அதன் நடுவே கருஞ்சிவப்பும் முளைத்தது. அது முளைத்தபோது மிக நெருக்கம். இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொள்ளும்படி அறிவித்தார். தேநீர் வண்டியைக் கட்டி வைக்கப் போன லான், விமானம் தூக்கிப் போட்டதில் கூரையில் மோதி, இருக்கையின் கைப்பிடி மேல் விழுந்தார். காப்டன் சட்டையெல்லாம் காப்பி கொட்டியிருந்தது, அதைத் துடைக்காமலே நின்று, "இல்லாத மழ, திரும்புனதும் வந்துச்சு பானு, எப்படி வரும்?" என்று கேட்டார்.

கருஞ்சிவப்பு என்றால் என்ன என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன். ரேடார் காற்றைப் பார்க்காது. மழைத்துளியைத்தான் பார்க்கும். துளி நிறைய இருந்தால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள், பச்சை. ஆனால் துளிகள் எவ்வளவு வேகமாக நம்மை நோக்கி வருகின்றன, விலகுகின்றன என்பதையும் அது அளக்கும். ஜன்னலிலிருந்து தெருவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள்கள் எத்தனை நூறு போனாலும் எல்லாம் ஒரே வேகத்தில் போனால் பயமில்லை. ஒன்று பாய்ந்து ஒன்று நின்று ஒன்று பின்வாங்கினால் அங்கே மோதல் நிச்சயம். ஒரே இடத்துத் துளிகள் அப்படிக் கன்னாபின்னாவென்று ஓடினால் அங்கே காற்று கொந்தளிக்கிறது என்று ரேடார் கருஞ்சிவப்புக் காட்டும். நாற்பது கடல் மைல் வரைதான் அதைச் சொல்ல முடியும். துளியே இல்லாத வெறும் காற்றில் கொந்தளிப்பு இருந்தால் சொல்லவே முடியாது. அன்று அங்கே துளி தாராளமாக இருந்தது. தெரிந்திருக்க வேண்டும்.

காப்டன் கேட்ட கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஜனவரி மாதத்துப் பூ நினைவுக்கு வந்தது. இப்போது நான் முன்பு பொய் சொன்ன இடத்துக்கு வருகிறேன். அன்று மாலை ஐந்தரை மணிக்கு ரேடாரின் பதிவுகளை எடுக்க என்னை விமானி அறைக்கு அனுப்பினார்கள். லானை ஆம்புலன்சில் ஏற்றிக் கொண்டுபோயிருந்தார்கள், கீழே எல்லாரும் பயணிகளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். கோப்பு இருக்கையின் மேல் கிடந்தது. முந்தின நாள் எழுதிய என் வரிக்கும் காப்டனின் கையெழுத்துக்கும் நடுவே அந்தக் காலி வரி இருந்தது. சட்டைப் பையில் அதே பேனா இருந்தது. "மூக்குக்கூட்டுக்கு வண்ணம் பூசியபின் ரேடார் மழையில் சோதிக்கப்படவில்லை. சோதிக்கும் வரை மழை வழியில் அனுப்ப வேண்டாம்" என்று ஆங்கிலத்தில் எழுதி, 18ஆம் தேதி போட்டு, என் சுருக்கொப்பத்தை வைத்தேன். அரை நிமிடம் கூட ஆகியிருக்காது.

ஏன் என்று கேட்டால், பயந்துவிட்டேன். உரிமம் போனால் வேலை போகும், வேலை போனால் இந்த நாட்டில் தங்கும் அனுமதி போகும், பதினொரு வருடத்தை மூட்டை கட்ட வேண்டும். காப்டனை மாட்டிவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்போது காப்டன் என் நினைவிலேயே இல்லை. என் பெயரைக் காப்பாற்றிக்கொள்வது மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தது. மறுநாள் காலை கோப்பை எடுத்து முத்திரை வைத்தார்கள். அந்த வரியைப் படித்த திரு. கரியமாணிக்கம் எல்லார் முன்னாலும் என்னை மெச்சினார். 24ஆம் தேதி இந்த அறையில், அந்த வரியைப் பறப்புக்கு முந்தின நாளே எழுதினேன் என்று நான் சொன்னேன். அது பொய்.

அதன் பிறகு ஜூன் 1ஆம் தேதி, ரேடார் ஏன் பார்க்கவில்லை என்று கண்டுபிடிக்கும்படி என்னிடமே ஒப்படைத்தார்கள். இந்தப் பிரிவிலிருந்து ஒரு பார்வையாளரும் கூட இருந்தார். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்குச் சோறு தண்ணீர் மறக்கும் அளவுக்கு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் ஆன்டெனாவின் சாய்வைப் பார்த்தேன். இந்தப் பக்கத்து மேகங்களின் தலைப்பகுதி உறைந்து காய்ந்து கிடக்கும், அதில் ரேடாருக்கு ஒன்றும் கிடைக்காது, ஆகையால் கொஞ்சம் கீழே நோக்கி ஈரமான வயிற்றைப் பார்க்க வேண்டும். காப்டன் சரியாகக் கீழே நோக்கித்தான் வைத்திருந்தார். ரேடார் பெட்டியைக் கழற்றி வேறு விமானத்தில் பூட்டினேன். அங்கே நன்றாக வேலை செய்தது. வேறு பெட்டியை இதில் பூட்டினேன். இதில் குறை அப்படியே இருந்தது.

ஜூன் 3ஆம் தேதி பிற்பகல் மூன்றே காலுக்குத் தென்மேற்கே லோங் ஆன் பக்கம் பெரிய மழை எழும்பியது. விமானத்தை ஆளில்லாத மூலைக்கு இழுத்துப் போய், முன்னால் யாரும் நடக்காதபடி கயிறு கட்டிவிட்டு ரேடாரை ஓட்டினேன். மழை நேர் எதிரே இருக்கும்போது வெறும் மஞ்சளாகத் தெரிந்தது. இழுவை வண்டிக்காரரிடம் மூக்கை இடது பக்கம் திருப்பச் சொன்னேன். மழை வலது பக்கம் வந்தது, சிவப்பாயிற்று, நடுவில் கருஞ்சிவப்பு. பிறகு மூக்கை வலது பக்கம் திருப்பச் சொன்னேன். மழை இடது பக்கம் வர வர மஞ்சள் பச்சையாகி, பச்சை ஒன்றுமில்லாமல் போயிற்று. ஜன்னல் வழியே பார்த்தால் வானம் கருகருவென்று நிற்கிறது, திரையில் துடைத்து வைத்தது போல் இருக்கிறது. இன்னும் திருப்பினால் ஓரத்தில் மறுபடி சிவப்பு. ஆறு முறை திருப்பினேன். வண்டிக்காரர் என்ன விளையாட்டு இது என்று அலுத்துக்கொண்டார். மழை இருந்த இடத்தில் இருந்தது, குருட்டு இடம் மட்டும் மூக்கோடு திரும்பியது. அதாவது குறை வானத்திலும் இல்லை, பெட்டியிலும் இல்லை, மூக்கில்.

உடனே மூக்குக்கூட்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினோம். மழை எந்தப் பக்கம் வந்தாலும் முழுச் சிவப்பு. கூட்டைத் திரும்ப மாட்டினோம், இடது பக்கம் மறைந்தது. காப்டன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இல்லாத மழை வரவில்லை. பூவுக்குப் பின்னால் இருந்த மழை, அவர் திருப்பியதும் பூவை விட்டு வெளியே வந்தது. அந்த நேரம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், கைதட்டினேன்.

ஆனால் பொன் பொடியில் உலோகம் இருக்கிறதா என்பது பாக்கி இருந்தது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், மின்சாரம் ஓடவில்லை. ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். பிறகு திரு. தாமின் கடைக்குப் போய் மிச்சமிருந்த பொன் பொடியை வாங்கி வந்து, ஓர் அட்டையில் அதைக் குழைத்துப் பூசினேன், இன்னோர் அட்டையில் வெறும் மஞ்சளைப் பூசினேன், இரண்டையும் காயவைத்து ஒவ்வொன்றாக வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தேன். பொன் விளிம்பு வைத்த கோப்பையை அதில் வைத்தால் என்ன ஆகும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். மஞ்சள் அட்டை சும்மா சூடானது. பொன் அட்டை பொறி பறந்து கருகியது. பொடி பித்தளைத் தூள்தான், ஒவ்வொரு துகளையும் பசை பிரித்து வைத்திருப்பதால் மீட்டருக்கு ஏமாற்றுக் காட்டியிருக்கிறது. அடுப்பு அதோடு போயிற்று. நோன்பு நேரத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சுட வைக்க ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாயே என்று என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை. திரு. தாம் மேல் எனக்குக் கோபமில்லை. பெயர்ப்பலகைக்கு உலோகமானால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை.

இதையெல்லாம் எழுதி 10ஆம் தேதி அறிக்கை கொடுத்தேன். அறிக்கையால் காப்டனுக்கு நல்லது நடக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்தது வேறு. மூக்கில் குறை இருந்தது நிரூபணம் ஆகிவிட்டது, அந்தக் குறை இருக்கலாம் என்று முந்தின நாளே பானு எழுதி எச்சரித்திருக்கிறாள், அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறந்தவர் காப்டன், ஆகவே முழுப் பொறுப்பும் அவருடையது என்று நிறுவனத்தின் வக்கீல் எழுதிக் கொடுத்தார். என் சோதனை எவ்வளவு சுத்தமாக இருந்ததோ அவ்வளவு இறுக்கமாக அது அவர் கழுத்தில் விழுந்தது. பொன் பூசச் சொன்னவரையும் யாரும் கேட்கவில்லை, சரி என்று கையெழுத்துப் போட்டவளையும் யாரும் கேட்கவில்லை. நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மாதம் திறக்கவில்லை.

நோன்புப் பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், ஜூலை 9ஆம் தேதி சனிக்கிழமை பிற்பகல், லானைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். நெய்ச்சோறும் வட்டலப்பமும் கொண்டுபோனேன். காப்டன் அகுஸ்தேன் அங்கே இருந்தார். அவர் தினமும் வருகிறார் என்று லான் சொன்னார். லானுக்கு இரண்டாவது அறுவை முடிந்திருந்தது, இனி எழுந்து நடந்தாலும் விமான வேலை கிடையாது என்று வைத்தியர் சொல்லிவிட்டாராம். வட்டலப்பத்தை ருசி பார்த்து, இதில் என்ன போட்டிருக்கிறது சி பானு என்று என்னை அக்கா முறை வைத்துக் கேட்டார். பனை வெல்லம் என்றேன்.

பிறகு காப்டனும் நானும் தாழ்வாரத்தில் நின்றோம். அந்த வரியைப் பற்றி அவரிடம் என்ன கேட்டார்கள் என்று நான் விசாரித்தேன். அவர் சொல்லட்டும், அந்த வரி அங்கே இல்லை என்று அவர் சண்டை போடட்டும், அப்போது நான் ஒத்துக்கொள்ளலாம் என்று மனதில் இருந்தது. கோழைத்தனம்தான். அவர் சொன்னது, "படிச்சதா எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஆனா நீ எழுதியிருந்தா அது இருந்திருக்கும். நாந்தான் பாக்காம கையெழுத்துப் போட்டிருப்பேன்." இப்படியே இந்தப் பிரிவிலும் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். வயசாகிவிட்டது, கண் தவறியிருக்கும், இனிமேல் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்றும் சொன்னார். முப்பத்தொரு வருடம் ஓட்டியவர். தன் கண்ணால் பார்த்ததைத் தள்ளிவிட்டு என் கையெழுத்தை நம்பிவிட்டார். நான் சரி முசியே என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியிறங்கிப் போனேன்.

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திங்கட்கிழமை அலுவலகம் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று மட்டும் கேட்டார். எட்டரை மணிக்கு என்றேன்.

இதனால் என் உரிமம் ரத்தாகும், தாளைத் திருத்தியதற்கும் பொய் வாக்குமூலத்துக்கும் என் மீது தனி வழக்கு வரும் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். வக்கீல் வைத்துக்கொண்டு வேறொரு நாள் வரலாம் என்றும் சொன்னார். தேவையில்லை, இப்போதே எழுதுங்கள் என்றேன். அந்த வரியின் மையை என் முந்தின வரியின் மையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயனில்லை, இரண்டும் ஒரே பேனா. ஆனால் காப்டனின் கையெழுத்தில் ஓர் எழுத்தின் வால் மேலே நீண்டு அந்தக் காலி வரிக்குள் வந்திருக்கிறது. என் எழுத்து அந்த வாலின் மேல் ஏறிப் போகிறது, அடியில் போகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் என் வரிதான் பிந்தியது என்று தெரியும். அதை நான் எழுதும்போதே பார்த்தேன், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டேன். அதிகாரி அசல் தாளை வரவழைத்து, கண்ணாடி வைத்துப் பார்த்து, இருக்கிறது என்றார்.

காப்டன் அகுஸ்தேன் சொல்லித்தான் நான் வந்தேனா என்று கடைசியாகக் கேட்கப்பட்டது. இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது. இந்த வாக்குமூலத்தின் நகல் நாளைக் காலை அவருக்குப் போகும் என்று அதிகாரி சொன்னார். நானே நேரில் சொல்லும் வரை அனுப்ப வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தேன், அதற்கு விதியில் இடமில்லை என்றார். ஆகவே இங்கிருந்து நேரே அவர் வீட்டுக்குப் போகிறேன். நான் இதைச் சொல்லும் இந்த நேரம் வரைக்கும், தன் கண்தான் தவறியது என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

மேலே எழுதியிருப்பவை நானே செய்தவையும் கண்டவையும் காதால் கேட்டவையும் ஆகும். எவருடைய தூண்டுதலும் மிரட்டலும் இல்லாமல், சுயநினைவோடு சொன்னேன். தமிழில் எழுதியதைத் திருமதி நாச்சம்மை முழுவதும் வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. 24.05.2016 அன்று கொடுத்த வாக்குமூலத்தில் இதற்கு மாறாக உள்ள பகுதியை நான் கைவிடுகிறேன்.

(ஒப்பம்) அக்தர் பானு
11.07.2016, பிற்பகல் 12.05 மணி

வாசித்துக் காட்டியவர்: (ஒப்பம்) நாச்சம்மை
என் முன்னிலையில்: (ஒப்பம்) ஹோவாங், விசாரணை அதிகாரி